தைத்தவர் பெயர் எங்கே?

குவில்ட் கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர் ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார். தொங்கும் துணியைப் பார்வையாளர்கள் தொடக்கூடாது. கேட்டால் அவரே ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார். தையல் தெரிந்தவர்கள் அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் நிற்பார்கள். முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது, தையல் எவ்வளவு நெருக்கம், இயந்திரமா கையா என்றெல்லாம் பார்த்துவிட்டு, கண் கீழ் மூலைக்கு இறங்கும். அங்கே உள்ளங்கை அளவில் ஒரு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும். தைத்தவர் பெயர், ஊர், முடித்த ஆண்டு. சிலதில் யாருக்காகத் தைத்தது என்றும் இருக்கும். குவில்ட் வகுப்புகளில் கடைசிப் பாடமே இந்தச் சீட்டுதான். அது இல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

2019 ஜனவரியில் இந்தியாவின் முதல் குவில்ட் திருவிழா சென்னையில் நடந்தது. குவில்ட் இந்தியா ஃபவுண்டேஷன் அதை நடத்தியது. குளிர் என்றால் மார்கழியில் காதில் மஃப்ளர் சுற்றிக்கொள்வது என்று நினைக்கிற ஊரில் போர்வைத் திருவிழாவா என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் இருந்தது. மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சுப் படலம், அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல். இதைப் போர்த்திக்கொண்டு அடையாற்றில் மே மாதம் தூங்க முடியாது.

ஆனால் குவில்ட் கட்டிலை விட்டு எழுந்து சுவருக்குப் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவில் இவான் போர்செல்லா 1989இல் தொடங்கிய ஆர்ட் குவில்ட் கலைஞர்கள் சங்கம் தன் கலைக்குத் தரும் இலக்கணம், அடுக்கித் தைத்ததாகவோ அந்த அமைப்பை நினைவூட்டுவதாகவோ இருக்கும் காட்சிப் படைப்பு என்பதுதான். போர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. சென்னையில் இன்று தைக்கப்படுகிற நல்ல குவில்ட்களில் பலவும் சுவருக்கானவைதான். கோலப்புள்ளி, கோபுரம், கடற்கரை என்று இந்த ஊர் மெல்ல அவற்றுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

மெல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வட்டம் இன்னும் சிறியது, வசதியானது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவது. அமெரிக்க அச்சுப் பருத்தியும் அதற்கென்றே வெட்டி விற்கும் ஃபேட் குவார்ட்டர் துண்டுகளும் இங்கே பெருமைக்குரியவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சாக்லேட்டுக்குப் பதில் துணி கேட்கும் பெண்கள் உண்டு. பாண்டி பஜாரில் ஒரு மேட்சிங் சென்டருக்குள் நுழைந்தால் டூ பை டூ ரூபியா மட்டும் சுவர் முழுக்க நிறவாரியாக அடுக்கியிருக்கும். பச்சையிலேயே கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை என்று கடைப்பையன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவான். உலகில் எந்த ஊர் குவில்ட்காரரும் பொறாமைப்படும் வண்ணப்பெட்டி அது. அதைத் தாண்டிக்கொண்டு இறக்குமதித் துணிக்குப் போவது சென்னையின் பழைய வியாதிகளில் ஒன்று என்று விட்டுவிடலாம். இந்த வட்டத்தின்மேல் வைக்கக்கூடிய குறைகள் இன்னும் பல. ஆனாலும் அதனிடம் இந்த நகரம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதுதான் பின்பக்கச் சீட்டு.

பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் காலையில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனால் காரணம் புரியும். கபாலீசுவரரின் தேர் அசைந்து வரும்போது கூட்டம் சுவாமியைப் பார்க்கும். பிறகு சக்கரத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில், காற்றில் ஆடிக்கொண்டு, தேரின் உருவத்தையே உண்டாக்குவது துணி. உருளையாகத் தொங்கும் தொம்பைகள், குறுக்கே ஓடும் தோரணங்கள், மேலே விதானச்சீலை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பச்சைத் துணிகளை யாளியாகவும் அன்னமாகவும் தாமரையாகவும் வெட்டி, அடித்துணியில் வைத்துத் தைத்து, விளிம்பு பிரியாமல் வெள்ளைக் கயிறு கொடுத்து மூடியிருப்பார்கள். உலகத்தார் அப்ளிக் என்று சொல்லி வகுப்பெடுக்கிற வேலை இதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் இந்தத் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை கோயில் குடைகளுக்குப் பேர்போனது. திருப்பதிக்கு ஊர்வலமாகப் போகும் குடைகள் அங்கே செய்யப்பட்டவை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி என்று சொல்வதுண்டு. மரத்தேரின் உயரம் அதில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் மூங்கிலும் துணியும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய துணிச்சிற்பம் அது என்று சொன்னால் மிகையில்லை.

அதைத் தைத்தது யார்? பெயர் இருக்கிறது, ஆனால் வேறொருவர் பெயர். கோயில் திரைச்சீலையிலும் குடையிலும் வாகனத்திலும் ‘உபயம்’ என்று தொடங்கி ஒரு குடும்பத்தின் பெயர் ஊரோடும் சில சமயம் கடை விலாசத்தோடும் பளிச்சென்று இருக்கும். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்த கதை தமிழர்களுக்குப் பழைய நகைச்சுவை. நம்மவர்களுக்குப் பெயர் எழுதும் ஆசை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. காசு கொடுத்தவர் பெயரை எழுதுவோம். ரவிக்கையின் கழுத்தில் தையல்கடையின் பெயர் இருக்கும், கைதைத்து முடித்த தையல்காரரின் பெயர் இராது. புடவைக்கடைப் பையில் முதலாளியின் பெயர் தங்க எழுத்தில் மின்னும். சலவைக்குப் போடும் வேட்டியில் சேராங்கொட்டை மையால் வண்ணார் இடும் குறிகூட, துணி யாருடையது என்பதைத்தான் சொல்லும். உடையவர், உபயதாரர், கடைக்காரர் என்று எல்லாருக்கும் துணியில் இடம் இருந்திருக்கிறது.

இது சென்னைக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம். ஏனென்றால் இந்த ஊர் துணிக்காகவே உண்டானது. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்த மணல்திட்டில் வந்து இறங்கியது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை மலிவாக வாங்கத்தான். வெளுப்பவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் நெசவாளர்களுக்காகவே அமைத்தது சிந்தாதிரிப்பேட்டை. கடுக்காயும் படிகாரமும் சாயவேரும் கொண்டு இந்தக் கரையில் வரைந்து சாயமேற்றிய பூத்துணி, சின்ட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கியது. துவைத்தாலும் போகாத சிவப்பு அங்கே யாருக்கும் வாய்க்காத வித்தை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இல் அதைத் தடைசெய்தது; இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் போட்டது. தடைசெய்த பொருளுக்கு மதிப்பு ஏறுவது உலக வழக்கம். கிழிந்த பூத்துணியைக்கூட எறிய மனமில்லாமல் பூவைப் பூவாகவும் பறவையைப் பறவையாகவும் வெட்டியெடுத்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைக்கும் ஒரு பாணியே அங்கே வளர்ந்தது.

இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் லெவன்ஸ் ஹால் என்ற பழைய மாளிகை இருக்கிறது. அங்கே பாதுகாத்து வைத்திருக்கும் ஒட்டுத்தையல் படுக்கைவிரிப்பு அந்த நாட்டில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1708 வாக்கில் தைத்தது என்கிறார்கள். எண்கோணமும் சிலுவையுமாக வெட்டிச் சேர்த்த துண்டுகள் எல்லாம் இந்தியச் சின்ட்ஸ். வீட்டுப் பெண்களே தைத்தார்கள் என்பது அங்கே வழிவழி வரும் செய்தி. வீட்டுக்காரர் கர்னல் கிரேமின் பெயரும் சேர்ந்தே வரும். துணியை வரைந்தவரின் பெயர் மட்டும் இல்லை. குவில்ட் மேலைநாட்டுச் சரக்கு என்று சென்னையில் யாராவது சொன்னால், அதன் முதல் துணிமூட்டை எங்கிருந்து கப்பலேறியது என்று திருப்பிக் கேட்கலாம்.

மதராஸ் கட்டத்துணியின் கதை இன்னும் வேடிக்கை. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேகப்சன், துணி ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து கெஜம் ஒரு டாலர் விலையில் 10,000 கெஜம் வாங்கினார். குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத்தான் துவைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பிய எச்சரிக்கை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டைகளின் சாயம் ஓடியது. வழக்கு, இழப்பீடு என்று பேச்சு கிளம்பியபோது விளம்பரக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சாயம் போவது குறையல்ல, அதுதான் இந்தத் துணியின் தனிச்சிறப்பு, கட்டாயம் போகும் என்று உத்தரவாதம் தருகிறோம் என்றார்கள். அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு வெவ்வேறு கட்டங்களைத் துண்டு துண்டாக இணைத்த ஒட்டுத்தையல் சட்டையும் கால்சட்டையும் அங்கே பணக்காரக் கல்லூரிப் பிள்ளைகளின் கோடைச் சீருடை ஆகின. நம் லுங்கித் துணியின் ஒன்றுவிட்ட தம்பிதான் அது. ஊரின் பெயர் துணிக்கே பெயராகி உலகம் சுற்றியது. தறியில் உட்கார்ந்தவருக்கு அதில் எழுத்தளவு இடமும் கிடைக்கவில்லை.

பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஹேரியட் பவர்ஸின் கதையைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கணவரோடு சிறு நிலம் வைத்துப் பிழைத்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த ஒரு குவில்டை 1886இல் ஏதென்ஸ் ஊர்ப் பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து விலை கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று பவர்ஸ் சொல்லிவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை முற்றியது. அவரே போய் பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்கு விற்றார். தன் குவில்டைப் பார்க்க அதன்பிறகும் ஸ்மித்தின் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார்.

அந்த விற்பனையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஸ்மித் உட்கார்ந்து, பதினொரு கட்டங்களிலும் என்ன இருக்கிறது என்று பவர்ஸின் வாயாலேயே கேட்டு எழுதிவைத்தார். இது ஏதேன் தோட்டம், இது காயீனும் ஆபேலும், இது யாக்கோபின் ஏணி என்று. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அது ‘பெயர் தெரியாத நீக்ரோப் பெண்ணின் கைவேலை’யாகக் கிடக்காமல் ஒரு கலைஞரின் படைப்பாக இருக்கிறது. அவருடைய இன்னொரு குவில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிழைத்திருப்பதாகத் தெரிவது இந்த இரண்டுதான். பவர்ஸைப் போல எத்தனை பேர் தைத்திருப்பார்கள்? அவர்களுக்கு ஒரு ஸ்மித் வாய்க்கவில்லை.

சீட்டு இல்லாத துணியின் கதி என்ன என்பதற்கு நியூயார்க்கிலேயே சான்று உண்டு. 1971இல் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க குவில்ட்களை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்தவை. குவில்ட் கலையாக ஏற்கப்பட்ட நாள் என்று அதை வரலாற்றில் எழுதுவார்கள். கட்டங்களையும் கோடுகளையும் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் மெச்சினார்கள். தைத்த பெண்கள் யார் என்பது மட்டும் யாருக்கும் பெரிய கேள்வியாகப் படவில்லை. இரண்டே ஆண்டில் பாட்ரிஷியா மைனார்டி என்ற ஓவியர் ஒரு கட்டுரையில் அந்த அலட்சியத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

2002இல் நிலைமை மாறியிருந்தது. அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊரிலிருந்து குவில்ட்கள் ஹூஸ்டனுக்கும் பிறகு விட்னிக்கும் வந்தபோது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் இருந்தது. மிசௌரி பெட்வே 1942இல் தைத்த ஒன்று பார்த்தவர்களை நிறுத்தியது. இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளை எடுத்து, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ளத் தைத்தது அது. தேய்ந்த முழங்கால், வெளுத்த பாக்கெட்டின் அடையாளம் எல்லாம் அப்படியே இருக்கும். பெயரும் கதையும் இல்லாமல் அதே துணியை மாட்டியிருந்தால் நீலமும் சாம்பலும் கலந்த அழகான வடிவமைப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். 2006இல் ஜீஸ் பெண்ட் குவில்ட்கள் அமெரிக்க அஞ்சல்தலைகளாகவும் வந்தன. பெயர் வந்ததும் பின்னாலேயே உரிமையும் வந்தது. 2007இல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர், தங்கள் வடிவங்களை வைத்துப் பிறர் சம்பாதிக்கிறார்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள்; மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. பெயரில்லாதவர் வழக்குப் போட முடியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி இது.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்று வங்காளத்தார் சொல்லக்கூடும். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் காந்தா அவர்களுடையது. கொல்கத்தாவுக்கு அருகே குருசதய் அருங்காட்சியகத்தில் மானதசுந்தரி என்ற பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்த காந்தா புகழ்பெற்றது. தகப்பனாருக்காக என் கையால் செய்தது என்று ஊசியாலேயே எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரை எந்த அறிஞரும் தேடிக் கண்டுபிடிக்கும் அவசியம் வரவில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பது அவர்கள் வழக்கம். மூலைகளில் பூலா என்கிற முக்கோண ஒட்டு வைக்காவிட்டால் போர்வைக்கு முழுமையில்லை. கலை வரலாற்றாளர் ஹென்றி டிரூவல் 2004இல் அவர்களோடு சேர்ந்து ஒரு கூட்டுறவு உண்டாக்க உதவினார். அந்தப் போர்வைகள் பெயரோடு நியூயார்க் வரை போய்வந்தன.

தமிழ்நாட்டு வீடுகளிலும் இதன் உறவுக்காரத் துணி உண்டு. நைந்து மெத்தென்று ஆன பருத்திப் புடவைகளை நான்காக மடித்து, ஓரமும் நடுவும் ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாக்குவார்கள். குழந்தை நனைத்து நனைத்து, துவைத்துத் துவைத்து, இரண்டு பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் அதிகம். பிறகு கரித்துணி. அதை யாரும் எடுத்து வைத்ததில்லை. எடுத்து வைக்க வேண்டிய பொருள் என்று தோன்றியதுமில்லை. ஒரு வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்களின் புடவைகள் ஒரே விரிப்பில் அடுக்கடுக்காகக் கிடந்திருக்கும். கர்நாடகத்துக்கும் வங்காளத்துக்கும் கிடைத்த ஆய்வாளர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதைவிட, மாமியார் தைத்தது எது, அம்மா தைத்தது எது என்று வீட்டிலேயே யாருக்கும் நினைவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

சென்னைப் பெண்களால் ஒன்றுசேர்ந்து பெரிய காரியம் செய்ய முடியும் என்பதில் சந்தேகமில்லை. 2016 ஜனவரி 31 அன்று, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குரோஷே குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் ஒரு போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் பின்னி அனுப்பிய சதுரங்கள் சேர்ந்தது அது. சாதனை முடிந்ததும் சிறு போர்வைகளாகப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும் செய்தியில் நின்றது சதுர மீட்டர்தான். கின்னஸுக்கு வேண்டியது எண், அதில் தவறில்லை. இந்த ஊரின் கலை உலகத்துக்கும் அதே போதும் என்றிருப்பதுதான் உறுத்துகிறது.

கோயில் வேலையில் பெயர் போடுவது மரபல்ல, அது இறைவனுக்குச் செய்யும் தொண்டு, அங்கே தன்பெயர் மறைப்பதுதான் பண்பு என்று ஒரு வாதம் உடனே வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தைப்பவருக்குத் தன்னடக்கம் பாடம் சொல்கிறவர்கள் உபயதாரருக்கு அதைச் சொல்வதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். மரபு என்று பேசினால் தஞ்சைப் பெரியகோயிலுக்கே போய்விடலாம். அங்கே கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறான் இராஜராஜன். கோயிலை எடுத்த பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. அதே பட்டியலில் குடைபிடிப்பவருக்கும் விளக்கேற்றுபவருக்கும் தையானுக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறது. தையான் என்றால் தையல்காரர். ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசனுக்கு இருந்த அக்கறை அறநிலையத் துறைக்கு இருந்தால் மரபு கெட்டுவிடாது.

அரசு நிறுவனம் ஒன்றே இதைச் செய்தும் காட்டியிருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுப்புடவைகளோடு, நெய்தவரின் படமும் பெயரும் அனுபவமும் போட்ட அட்டையை வைத்து விற்றது. எத்தனை நாளில் நெய்தது என்றும் அதில் இருக்கும். புடவையை எடுத்தவர்கள் அந்த அட்டையைத் தூக்கிப் போடவில்லை. புடவையோடு சேர்த்துப் பீரோவில் வைத்தவர்கள் பலர். விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் வாய், அட்டையில் ஒரு முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்குகிறது. வியாபாரத்துக்கும் அது கெடுதல் செய்யவில்லை.

சோழமண்டலத்தின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமம் அமைத்தார்கள். நிலம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது? ஓவியம் விற்று அல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்று. இந்திய நவீன ஓவிய வரலாற்றில் சோழமண்டலத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்கு நிலம் வாங்கித்தந்த துணிகளுக்கு ஒரு பத்தி இருந்தால் அதிகம். ஓவியத்தில் மூலையில் கையெழுத்து இருந்தது, காலம் தேடி வந்தது. துணி கட்டிக் கிழிந்து போயிற்று.

ஆகவே கேட்பதெல்லாம் பெரிய திட்டமல்ல. தேர்ச்சீலை புதிதாகத் தைக்கும்போது, உபயதாரர் பெயர் முன்னால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். உள்புறம் தைத்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் நூலால் எழுதப்பட வேண்டும். அறநிலையத் துறை தன் கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். தியாகராய நகர் வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் இந்தியக் கைவினைக் கழகம், 1964இல் கமலாதேவி சட்டோபாத்யாய தொடங்கியது. கைவினைஞர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. மயிலையிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் வீட்டு அலமாரிகளின் அடித்தட்டில் மடிந்து கிடக்கும் பழம்புடவை விரிப்புகளைப் படமெடுத்து, தைத்தவர் யாரென்று கேட்டு எழுதிவைக்கும் வேலையை அவர்கள் கையில் எடுக்கலாம். கேட்டால் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், நெடுநாள் இருக்க மாட்டார்கள்.

குவில்ட்காரர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தொம்பை தைக்கும் கைகளும் அவர்களுடைய கைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வளைவில் துணி சுருங்காமல் திருப்பும் சூட்சுமத்தில் கோயில் தையல்காரர் ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லித்தர நிறைய வைத்திருப்பார். பேட்டிங், ஓரம் கட்டும் பைண்டிங் பற்றி அவருக்கும் தெரிந்துகொள்ள ஆவல் இருக்கலாம். இந்த இருவரும் ஒரே கூடத்தில் வேலையை மாட்டி, இரண்டின் பக்கத்திலும் ஒரே அளவு எழுத்தில் பெயர் போட்டு, விலைச்சீட்டையும் ஒளிக்காமல் வைத்தால் அது செய்தி. தையல்கடை மூட்டைகளில் சேரும் வெட்டுத்துண்டுகளையும் திருப்பூர் பனியன் வேஸ்டையும் வைத்து ஒரு போட்டிப் பிரிவு நடத்தலாம். இறக்குமதித் துணி அதற்கு ஆகாது என்று விதி போட்டுவிட்டால் பாண்டி பஜார் மேட்சிங் சென்டர்களுக்கும் நல்ல நாள் பிறக்கும். நுழைவுப் படிவமும் அழைப்பிதழும் தமிழிலும் அச்சாக வேண்டும். அதில் ஒரு பிரதியைச் சிந்தாதிரிப்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ செலவுதான் ஆகும்.